என்னை விட்டுவிட்டு மேலே படித்தாய்

பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய வாத்தியார் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. நம் வாசிப்புச் சபை எழுதச் சொன்னது, எழுதுகிறேன்.

நேற்று மாதக் கூட்டம். வழக்கம்போல என் பல் பட்டறையில்தான். ஜன்னலைத் திறந்தால் கீழே டயர் கடையின் ரப்பர் நாற்றம், மூடினால் என் மெழுகு நாற்றம். எது தேவலை என்று ஓட்டெடுத்துத் திறந்து வைத்தோம். அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. "இதுங்க என்னைக்காவது வெளிய போய் வாயைத் திறந்துச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும்" என்று ஆடிட்டர் அக்கா ஆரம்பித்து வைத்தார். அவர் இப்போது ஒரு திருநங்கை எழுதிய தன்வரலாறு படிக்கிறார். "அப்படியே என் கதை. ஒரே வித்தியாசம், அவ என்னைவிட அழகா இருந்திருக்கா. அதான் பொறுக்கல" என்றார்.

நர்ஸும் ஆம்புலன்ஸ் டிரைவரும் இன்னும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள், இன்னும் அதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள். நர்ஸுக்கு வேகம் அதிகம், டிரைவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பெருமூச்சு வேண்டும். கடைசியில் நர்ஸ் கத்தியை எடுத்துப் புத்தகத்தை நடுவில் இரண்டாக அறுத்து, முதல் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டாள். "தையல் போட நான் இருக்கேன்" என்றாளாம். இவர்களைப் பார்த்தால் குடும்பம் நடத்த ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

புதிதாக ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். அறுபத்தைந்து இருக்கும். மனைவி தவறிப் பல வருடங்கள் ஆகின்றனவாம். கையில் புத்தகம் இல்லை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஊரு உலகத்துக்கெல்லாம் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்தேங்க. என்னை மாதிரி, ஆம்பளையை நினைச்சுக்கிட்டே இருந்த ஆம்பளை கதைன்னு ஒண்ணு இருக்கா? இருந்தா அதைப் படிக்கணும்" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். திரும்பிப் போகும்போது அவருக்குப் புத்தகம் சுமக்க டாக்சி பிடிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. "வாத்தியார் என்ன படிக்கிறார்?" எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். நானும் ஏதோ ஒரு தலைப்பை இட்டுக்கட்டிச் சொல்கிறேன். போன மாதம் நான் சொன்ன புத்தகத்தை ஆடிட்டர் அக்கா கடை கடையாகத் தேடியிருக்கிறார். இனி தாங்காது. எனவே ஒரு வரி எழுதிப் போடுங்கள். புத்தகத்தைப் பற்றி மட்டும்.

அம்மாவுக்குக் கீழ்ப்பல் செட் ஈறில் உறுத்துகிறதா? தொழில்முறையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தாயாருக்குப் பல் செய்தவன்

பிப்ரவரி 21

பல்லழகா,

பதினோரு வருடம் ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவனை "நீங்கள்" என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? கையெழுத்தாக நீ போட்டிருந்த வரியைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வந்து மயக்கமா என்று கேட்டார்.

நீயும் நினைத்துப் பார். அம்மாவுக்குக் கண் போய்விட்டது, மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றேன். நானும் வருகிறேன், பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன்னை யாரென்று அவர்களிடம் சொல்வது என்று கேட்டேன். "உங்கம்மாவுக்குப் பல்லு செஞ்சவன்னு சொல்லு!" என்று கத்தியது யார்? என்னைக் கொண்டுவிட வந்து இந்த வீட்டு வாசலில் நீ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் திடீரென்று "இவரு யாரு?" என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது நீ கத்திய அந்த வார்த்தைதான். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், நீ பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாய். கிண்டலுக்குச் சொன்னதை நிஜமாக்கிவிட்டேன் என்பாய். கிண்டல் என்று எனக்குத் தெரிந்திருந்தால்தானே.

ஃபோனில் பேசலாம். உன் குரலைக் கேட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சரி சரி என்று வைத்துவிடுவேன். கடிதமே இருக்கட்டும்.

சபைக்கு என் பதில்: நான் அந்த ஆற்றுப் படகு நாவலைத்தான் படிக்கிறேன். தூர்வாரும் படகில் வேலை பார்க்கும் எஞ்சின்காரனும் சமையல்காரனும். கிளம்பும்போது என் பெட்டியில் வந்துவிட்டது. ஆனால் எனக்காகப் படிக்கவில்லை, அம்மாவுக்குப் படிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முதலில் செய்தித்தாள் படித்தேன். "செத்தவங்க பக்கத்தையே எத்தனை நாளுக்குக் கேக்குறது, கதை ஏதாவது படி" என்றார். வீட்டில் இருந்தவை அண்ணனுடைய பெயிண்ட் கடைக் கையேடுகளும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும்தான். அதனால் இதை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் வம்பு புரிந்தது. அதனால் படிக்கப் படிக்கச் சமையல்காரனைச் சமையல்காரியாக மாற்றிவிட்டேன். சிரிக்காதே. நம் தமிழ் இருக்கிறதே, ஆளை மட்டும் மாற்றினால் விடாது. வந்தான், நின்றான், பார்த்தான் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவன் உட்கார்ந்திருக்கிறான். வாக்கியம் முடிவதற்குள் வாலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். எஞ்சின்காரனுடைய வாலைத் திருப்பிவிடவும் கூடாது. அரை மணி நேரத்தில் வியர்த்துவிடுகிறது. அன்றைக்கு ஒரு பக்கத்தில், எஞ்சின்காரனுக்குக் குத்துகிறது என்று சமையல்காரன் மீசையை மழித்துக்கொள்கிறான். நான் என்ன செய்வேன்? "அவள் தலையைப் பின்னிக்கொண்டாள்" என்று படித்துவிட்டேன்.

அம்மாவுக்கு அந்தச் சமையல்காரியை ரொம்பப் பிடித்திருக்கிறது. "நல்ல பொண்ணு. இப்படி ஒருத்தி உனக்குக் கிடைக்கலையே" என்றார். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத்தான் கண் தெரியாதே, எதற்குப் பிடித்தேன் என்று தெரியவில்லை.

வாத்தியார்

மார்ச் 2

வாத்தியாரே,

மீசையா?

எந்த மீசை? நாம் இரண்டு பேரும் படித்தவரை அவன் மீசையை எடுக்கவே இல்லையே! எஞ்சின்காரனுக்குக் காய்ச்சல் வந்து, சமையல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற இடத்தில்தான் நிறுத்தினோம். கடையில் இன்னொரு பிரதி வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக அதைப் பிரிக்கவில்லை. எஞ்சின்காரன் பிழைத்தானா செத்தானா என்று தெரியாமலே இருந்தேன். நீ என்னை விட்டுவிட்டு மேலே படித்துவிட்டாய்.

என்னைப் பல் செய்தவன் என்றதுகூட ஆறிவிடும். இது ஆறாது.

ஞாயிறு மத்தியானங்களை நினைத்துக்கொள்கிறேன். நான் பல் செட்டை மெருகேற்றிக்கொண்டிருப்பேன், நீ ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு படிப்பாய். முக்கியமான இடம் வந்தால் உன் குரல் ஒரு இழை இறங்கும். அது காதில் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவேன். எத்தனை பேருடைய பல் செட் அதனால் தாமதமாகியிருக்கும்! கேட்டால் மின்சாரம் போய்விட்டது என்பேன். இப்போது மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. எல்லாம் நேரத்துக்குத் தயாராகிறது. டாக்டர்கள் பாராட்டுகிறார்கள்.

உன்னை முதலில் பார்த்த நாளைத் தபால்காரருக்குச் சொன்னேன். அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தவை பக்கங்கள்தான், புத்தகங்கள் அல்ல. நானூறு பக்க நாவலில் இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பக்கம் இருக்கும். நான் நூலகத்தில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவனாவது சிரமப்படாமல் இருக்கட்டும் என்று கடைசித் தாளில் பென்சிலால் அந்தப் பக்க எண்ணை எழுதி வைப்பேன். ஒருநாள் எழுதும்போது நீ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாய். "பொதுச் சொத்தில் கிறுக்கலாமா? படிச்சவங்கதானே நீங்க?" என்று பள்ளிக்கூடக் குரலில் அதட்டினாய். அப்புறம் குனிந்து, ரொம்ப மெதுவாக, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாய்.

தபால்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்காவது ஒரு வேலை கொடுத்தாய், ஆணாகவும் விட்டுவைத்தாய். அந்தச் சமையல்காரன் என்ன பாவம் செய்தான்? யாரோ ஒருவர் உட்கார்ந்து நமக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார், ஒற்றைப் பக்கமல்ல. அவனுக்குப் போய்ச் சடை பின்னி விட்டிருக்கிறாய்.

அம்மாவின் பல்லைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

பல்லழகன்

மார்ச் 14

பல்லழகா,

உன் கடிதம் வந்த மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படகில் கரி ஏற்றும் இடம். நான் கவனமாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியது மனதில் குடைந்துகொண்டிருந்ததோ என்னவோ, "அவள் இரண்டு மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினான்" என்று வாயில் வந்துவிட்டது. இருமுவதுபோல இருமிவிட்டு, "ஏறினாள்" என்று திருத்தினேன்.

அம்மா கையை உயர்த்தினார்.

"நிறுத்து. அவன் ஆம்பளைதானே?"

"யாரும்மா?"

"யாரும்மாவா? நாள்கணக்கா நானும் பாக்குறேன். ரெண்டு மூட்டை கரியைத் தூக்குறா. சட்டையைக் கழட்டிப்போட்டு ஆத்துல குதிக்கிறா. நடுவுல திடீர்னு தலை பின்னிக்கிறா. எந்த ஊரு பொம்பளைடா அவ?"

ஆமாம்மா, ஆண்தான் என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்மா."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதினவன் பாடுபட்டு எழுதியிருப்பான். அவன் எழுதினபடியே படி" என்றார்.

படித்தேன். வாலைத் திருப்பாமல் படித்ததில் முதல் பக்கம் முழுக்கத் தடுமாறினேன். பாதை தெரிந்துவிட்ட பிறகு குரல் தானாக இறங்கியது. அத்தியாயம் முடிந்ததும் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து மெல்ல எழுந்தேன்.

"என் பல்லு செஞ்சாரே, அவரும் இதெல்லாம் படிப்பாரா?"

"படிப்பார்மா. நான் படிச்சா கேப்பார்."

"அன்னைக்குச் சாப்பிடாமகூடப் போயிட்டாரே" என்றார். அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று வரை வேறு பேச்சு இல்லை. இன்று காலையில், "கீழ்ப்பல்லு ஈறைக் குத்துது. அவரையே வந்து பாக்கச் சொல்லு" என்றார். குத்துவது உண்மைதான், நான் பார்த்தேன், ஈறு சிவந்திருக்கிறது. வருகிறாயா?

வாத்தியார்

மார்ச் 20

வாத்தியாரே,

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். பட்டறையைப் பூட்டிவிட்டு ஆற்றுப்பாலம் வரை நடந்துபோய் அங்கேயும் படித்தேன். "எந்த ஊரு பொம்பளைடா அவ" என்ற இடத்தில் நடுப்பாலத்தில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சைக்கிளில் போன ஒருவர் பயந்துபோய் ஒதுங்கிப் போனார்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் சரிசெய்வதற்காக என்றால் நான் வரமாட்டேன். உன் ஊரிலேயே ஒரு நல்ல ஆள் இருக்கிறார், கீழே விலாசம் எழுதியிருக்கிறேன், அரை மணி நேர வேலை. அவரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. வலியோடு அவரைக் காக்க வைக்காதே. என் வீம்புக்கு அவர் ஈறு புண்ணாகக் கூடாது.

நான் வருவதென்றால் அண்ணனுக்கும் அண்ணிக்கும் யாரென்று தெரிந்த பிறகுதான் வருவேன். அம்மா புரிந்துகொண்டார், போதாதா என்பாய். போதாது. அவர் ஒருவர் அறைக்குள் நான் மனிதன், ஹாலுக்கு வந்தால் வேலைக்காரன் என்றால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் குழம்பிவிடும்.

உன்னை மிரட்டவில்லை. நர்ஸிடம் சொன்னபோது, "ரொம்பக் கேக்குறீங்க. அவர் பயந்த சுபாவம்" என்றாள். டிரைவர், "கேக்கலைன்னா எப்பத்தான் கிடைக்கும்?" என்றாள். இரண்டு பேருக்கும் அங்கேயே சண்டை. எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

பல்லழகன்

ஏப்ரல் 4

பல்லழகா,

சொல்லிவிட்டேன்.

அண்ணன் கடைக்குக் கிளம்பும் நேரம். ஹாலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "அம்மாவுக்குப் பல்லு செஞ்சவர் என்கூடப் பதினோரு வருஷமா இருந்தவர். நாங்க ரெண்டு பேரும் குடும்பமா இருந்தோம்" என்றேன். அண்ணன் ஒரு பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டார். அதைக் கழற்றவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"அம்மா இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்செல்லாம் வேணாம்."

"அம்மாதான் அவரை வரச் சொன்னாங்க."

அண்ணி கதவோரம் நின்றிருந்தார். "எனக்குத் தெரியுங்க. பாத்திரம் கழுவிக்கிட்டே நானும் அந்தக் கதையைத்தானே கேக்குறேன்" என்றார். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோணல் பொத்தானோடேயே கடைக்குப் போய்விட்டார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

நீ எழுதியபடியே அந்த ஆளிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈறு ஆறிவிட்டது. ஆகவே பல் வேலை எதுவும் மிச்சமில்லை. நீ வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. வா.

நீ சனிக்கிழமை வருவாய் என்று நானாகவே அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது, அதுவும் அண்ணியிடம்தான்: "சனிக்கிழமை நான் கடையிலேயே இருப்பேன்." சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை மேசை மேல் வைத்துவிட்டார். "ஸ்டேஷன்லேர்ந்து நடந்து வர்ற தூரமில்ல" என்றாராம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாவியை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

வாத்தியார்

ஏப்ரல் 21

வாத்தியாரே,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஸ்கூட்டரில் உன் பின்னால் உட்கார்ந்து வந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ரயில் ஏறிய பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தேன். கிழவர்கள் இருவர், பெண் பார்க்க வந்ததுபோல.

நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது அம்மா பேசியதை அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"ஏம்பா, பக்கத்துல வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். என் கையைத் தடவிப் பார்த்து, "பல்லு செய்யிற கைக்கு இவ்வளவு காப்பு காய்க்குமா?" என்று கேட்டார். அப்புறம், "அவன் அங்க சந்தோஷமா இருந்தானா?" என்றார்.

"இருந்தாரும்மா. சத்தமாச் சிரிப்பார். கீழ டயர் கடைக்காரங்க என்னன்னு மேல எட்டிப் பாப்பாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சின்னப் பிள்ளையில அப்படித்தான் சிரிப்பான். இங்க வந்து ஒருதரம்கூட எனக்குக் கேக்கல. எனக்குக் கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"தண்ணி கிடக்கட்டும். கதையை எந்த இடத்துல விட்டீங்க ரெண்டு பேரும்?" காய்ச்சல் வந்த இடத்தில் என்றேன். புத்தகம் தலைமாட்டில் இருக்கிறது, எடுத்துப் படி என்றார். உங்களுக்குத் தெரிந்த கதைதானே என்றேன். "அதனால என்ன? அவன் எனக்குப் படிச்சப்ப அந்த ஈரத்துணியை ஒரு பொம்பளைல்ல போட்டா. நீ சரியாப் படி" என்றார்.

நான் உன்னைப் போலப் படிப்பவன் அல்ல. எழுத்துக் கூட்டி, நிறுத்தி, மூக்கைச் சிந்தி, மெதுவாகப் படித்தேன். எஞ்சின்காரன் பிழைத்துவிட்டான். பாதியில் அண்ணி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நீ மருந்துப் பொட்டலத்தோடு வந்து நின்றதும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது அம்மா உன்னிடம் சொன்னதைச் சபையில் சொன்னேன். "இவர் எட்டிப் பிடிக்கிற வரைக்கும் நீ மேல ஒரு பக்கம்கூடப் படிக்கக் கூடாது." ஆடிட்டர் அக்கா எழுந்து நின்று கைதட்டினார். அம்மாவைச் சபையில் சேர்த்துவிட்டோம். தபால்காரர் முன்மொழிந்தார்.

பல்லழகன்

மே 12

பல்லழகா,

முதலில் செய்தி. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. இனி மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் வருவேன். அதற்கு மேல் இப்போது என்னால் முடியாது. அம்மா இருக்கும் வரை என் வீடு இதுதான். உனக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். போதாததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஏற்பாடு செய்தவர் அம்மா. "நாம நிறுத்தின இடத்தை அவரும் இப்ப எட்டிப் பிடிச்சிருப்பாரு. மிச்சத்தை அவரோட உக்காந்து படிச்சுட்டு வா. வந்து எனக்குச் சொல்லு. மாத்தாமச் சொல்லணும்" என்றார். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். "நான் இருக்கேன்ல" என்றார் அண்ணி. அவர் இப்போது அம்மாவுக்கு வேறொரு நாவல் படிக்கிறார், இரண்டு பெண்கள் சேர்ந்து லாரி ஓட்டும் கதை. நர்ஸ் கொடுத்தனுப்பினாளே, அதுதான். அண்ணிக்கு வில்லன் பேசும் இடங்கள் அபாரமாக வருகின்றன. பிள்ளைகள் கதவோரம் வந்து நிற்கிறார்கள்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. அவர்கள் படிக்கும் நேரத்தில் வாசலுக்குப் போய்விடுகிறார். பேசுவாரா என்று தெரியாது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைத் தாண்டியவர். அதை நினைத்தால்தான் வலிக்கிறது.

எனக்கு ஒரு பயம். இவ்வளவு எழுதிவிட்டோம். நேரில் பேச ஏதாவது மிச்சம் இருக்குமா?

வாத்தியார்

மே 15

வாத்தியாரே,

பேச்சு மிச்சமில்லை என்றால் சண்டை போடலாம், அதற்குச் சரக்கு நிறைய இருக்கிறது. போதாது என்று எழுதியிருந்தாய். ஆமாம், போதாது. வா.

ஞாயிறு மத்தியானம் யாருக்கும் பல் கிடையாது என்று டாக்டர்களிடம் சொல்லிவிட்டேன். நாற்காலியின் ஆடும் காலை இறுக்கி, ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். சபைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். அக்கா முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் கண்ணடித்தார்.

இன்னொன்று. அலமாரியில் நீ விட்டுப்போன நீலச் சட்டையைத் தேடாதே. நான் போட்டுப் போட்டு முழங்கையில் கிழிந்துவிட்டது. வேறு சட்டை கொண்டு வா.

பல்லழகன்